கேமராவைக் கண்டதும் பிரேக் சவிட்டாதீங்க

எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை டிம் அடித்துக் காட்டினால் போதும். நம்ம குமரி மாவட்டத்துச் சாலையில் வரிசையாகப் போகும் அத்தனை பைக்கும் ஒரே நேரத்தில் பிரேக் சவிட்டும். முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். நல்ல மனசுதான், ஆனால் வேக அபராதத்தில் இருந்து இது காப்பாற்றுவது அபூர்வம்.

போலீஸ் கையில் இருக்கும், வேகத்தை அளக்கும் லேசர் கன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். அது நொடிக்கு நூற்றுக்கணக்கான அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை வண்டியின் நம்பர் பிளேட்டிலோ ஹெட்லைட்டிலோ அடிக்கிறது. திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று கணக்குப் போடுகிறது. இதற்கு அரை நொடிகூட ஆகாது. நேரான சாலையில் சில நூறு மீட்டருக்கு அப்பால் இருந்தே அளந்துவிடும். தொப்பியும் மஞ்சள் கோட்டும் நம் கண்ணில் படும்போது எண் ஏற்கெனவே திரையில் இருக்கும். பிறகு சவிட்டுகிற பிரேக்கால் பயன் ஒன்றுதான்: பின்னால் பாறைப்பொடி ஏற்றி வருகிற டாரஸ் லாரிக்காரருக்கு இதயம் நின்றுபோகும்.

"சைடில் நின்று அடித்தால் தப்பாகக் காட்டும்" என்பதும் டீக்கடையில் அடிக்கடி கேட்கிற வாதம். கோணம் கூடினால் அளவு குறையும் என்பது உண்மை. அதாவது தப்பு நமக்குச் சாதகமாகத்தான் வரும். சாலையில் இருந்து 4 மீட்டர் தள்ளி நின்று 150 மீட்டர் தூரத்தில் இருக்கும் பைக்கைக் குறிவைத்தால் கோணம் ஒன்றரை டிகிரிதான். 70-ல் போனால் 69.9-க்கும் மேலேதான் காட்டும். அந்தத் தூரத்தில் ஒளிக்கற்றையின் அகலம் பொதுவாக அரை மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும் என்பதால், பக்கத்து வண்டியின் வேகத்தை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று லேசர் விஷயத்தில் சொல்வதும் கடினம். ரேடார் வகையில் கற்றை அகலம் அதிகம். அங்கே படத்தில் இரண்டு வண்டி இருந்தால் கேட்க வேண்டிய கேள்விதான்.

திடீர் பிரேக்கின் விலையையும் பார்த்துவிடலாம். 60-ல் போகும் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும், காய்ந்த சாலையில் நிற்க இன்னும் சுமார் 20 மீட்டர் ஆகும், ஆக 37. அதே 60, ஜூன் மாத மழையில் நனைந்த சாலை என்றால் 50-ஐத் தாண்டும். 80 என்றால் காய்ந்த சாலையிலேயே 58 மீட்டர், நனைந்ததில் 85 பக்கம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் குறுக்கே அடிக்கிற காற்று காற்றாலையை மட்டும் சுழற்றுவதில்லை, பைக்கையும் ஒரு அடி நகர்த்தும். அந்த நேரத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிலேட்டரை விடுங்கள், ஒரு கியர் குறையுங்கள், பைய வேகம் குறையட்டும். அளந்தது அளந்ததுதான், அடுத்த 200 மீட்டராவது ஒழுங்காகப் போகும்.

ஸ்பீடோமீட்டரை நம்பலாமா? கம்பெனியில் இருந்து வந்தபடியே இருந்தால் நம்பலாம். உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது விதி என்பதால் எல்லா மீட்டரும் கொஞ்சம் கூட்டியே காட்டும். சிக்கல் நாம் கை வைத்த இடத்தில்தான். கியர்பாக்ஸ் பக்கம் சென்சார் இருக்கும் பைக்கில், மைலேஜுக்காக முன் ஸ்பிராக்கெட்டை 14 பல்லில் இருந்து 15 ஆக்கினால், மீட்டர் 60 காட்டும்போது, முன்பு 64 காட்டியிருக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருப்போம். பின் சக்கரத்தில் இருந்து கணக்கெடுக்கும் வண்டியில் 100/90-18 டயரை எடுத்துவிட்டு 110/90-18 போட்டால், விட்டம் 637 மில்லிமீட்டரில் இருந்து 655 ஆகும். மீட்டர் முன்பைவிடக் கிட்டத்தட்ட 3 சதவீதம் குறைத்துக் காட்டும். முன் சக்கரத்தில் கேபிள் இருக்கும் பழைய வண்டிகளுக்குப் பின் டயர் மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. சந்தேகமிருந்தால் கூகுள் மேப்பை ஓடவிட்டு, நேரான சாலையில் ஒரே வேகத்தில் ஒரு நிமிடம் போய், பின்னால் இருப்பவரை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனையில் போகலாம் என்பதற்கு வாட்ஸ்அப் பார்வர்டு தேவையில்லை, பலகை போதும். வேறு எங்கே எத்தனை அனுமதி இருந்தாலும், அந்த இடத்தில் முறைப்படி வைத்த பலகையில் 30 என்றால் 30தான். பள்ளிக்கூட வாசல், பாலம் வேலை நடக்கும் இடம், ஊருக்குள் நுழையும் இடம் ஆகிய மூன்றிலும்தான் பலகையை நாம் கவனிப்பதே இல்லை.

கேமராவுக்கு முகம் தேவையில்லை, நம்பர் பிளேட் போதும். பிளேட்டில் இருந்து ஆர்.சி., ஆர்.சி.யில் இருந்து போன் நம்பர். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நஷ்டம் நமக்குத்தான், அரசாங்கத்துக்கு இல்லை.

பிளேட்டில் ஆரம்பிப்போம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். பைக்குக்குப் பின்னால் 200-க்கு 100 மில்லிமீட்டர், முன்னால் 285-க்கு 45. அதற்கு முந்தைய வண்டிகளில் பின்பக்க எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம், எண் 40, முன்பக்கம் இரண்டும் 30. வளைந்த எழுத்து, நடுவில் தலைவர் படம், 8055 என்பதை 'BOSS' மாதிரி வளைப்பது எல்லாம் பிடித்தால் 500 ரூபாய். மட்கார்டை வெட்டிவிட்டுப் போடுகிற 'டெயில் டைடி' கம்பி பிளேட்டை மேல்நோக்கிச் சாய்த்துவிடும். கேமராவில் படிக்காது என்று சந்தோஷப்பட வேண்டாம். செக்கிங்கில் நிற்கும் எஸ்.ஐ.யின் கண்ணில் முதலில் படுவது அதுதான். கீழே விழுந்து மட்கார்டு மாற்றும்போது இன்னொரு விஷயம்: பிளேட்டைப் பிடித்திருக்கும் ஸ்னாப் லாக் ஒருமுறை போடுவதற்கானது. கழற்றினால் உடையும். மெக்கானிக் சாதாரண போல்ட்டைப் போட்டு முறுக்கி அனுப்புவார், முறைப்படி மாற்றுப் பிளேட்டுக்குப் பதிய வேண்டும். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டச் சாலையில் போய் வந்தால் செம்மண் பிளேட்டில் அப்பியிருக்கும். கழுவுங்கள். மேலே இருக்கும் சின்ன விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டிகளில் அது 12 வோல்ட், 5 வாட் பல்புதான், விலை ஒரு டீ வடைக்குள் முடியும்.

அடுத்தது போன் நம்பர். நான் இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான். அதிகம் செலவு வைக்கிற சலான் (அபராதச் சீட்டு), நமக்கு வந்து சேராத சலான். ஷோரூமில் வண்டி எடுக்கும்போது மாமாவின் நம்பரைக் கொடுத்திருப்போம், அல்லது ஏஜென்ட் தன் நம்பரையே போட்டிருப்பார். இ-சலான் அவருக்குப் போகும். கல்ஃபில் இருக்கும் அண்ணன் பெயரில் வண்டி, ஓட்டுவது தம்பி என்பது நம்ம மாவட்டத்தில் பாதி வீட்டில் உண்டு. அந்த இந்திய சிம் செத்து வருஷமாகியிருக்கும். கட்டாத சலான் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஆன்லைனில் நடக்கும் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போகும். கடைசியில் வண்டியை விற்கப் பெயர் மாற்றும்போது எல்லாம் எழுந்து நிற்கும்.

பார்க்க ஐந்து நிமிடம். மத்திய அரசின் போக்குவரத்துச் சேவையான பரிவாகனின் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் சேசிஸ் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்தைக் கேட்கும். ஆர்.சி.யில் இருக்கும். கையில் ஆர்.சி. இல்லையென்றால் ஹேண்டிலுக்குக் கீழே, ஸ்டீயரிங் தலைப்பகுதியில் சேசிஸ் எண் குத்தியிருக்கும். துணியால் துடைத்து டார்ச் அடித்தால் தெரியும். நம்பர் மாற்ற வேண்டுமென்றால் அதே பரிவாகனில் வாகன் சேவைகளுக்குள் போங்கள். பதிவு எண், சேசிஸ், என்ஜின், பதிவுத் தேதி எல்லாம் கேட்டு ஓடிபி அனுப்பும். இங்கே தமிழர்கள் எல்லோரும் முட்டுகிற சுவர் இனிஷியல். ஆர்.சி.யில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் என்றிருந்தால் ஆதார் வழி ஏற்காமல் திருப்பும். அப்போது ஆர்.டி.ஓ. அலுவலகம்தான். டி.என். 74 என்றால் நாகர்கோவில், 75 என்றால் மார்த்தாண்டம்.

செகண்ட் ஹேண்ட் வண்டி விற்றவர்களுக்கும் இதே கதைதான். மாநிலத்துக்குள்ளேயே என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் காசை எண்ணிக்கொண்டு போனால் போதாது. பெயர் மாறும்வரை சலான் உங்களுக்கு. ஹெல்மெட் போடாத யாரோ ஒருவரின் படம் உங்கள் போனில் வரும்.

போனில் வருவதெல்லாம் உண்மையும் இல்லை. 'ஆர்.டி.ஓ. சலான்' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு (போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) வந்தால் தொடவே தொடாதீர்கள். அதை நிறுவினால் ஓடிபி எல்லாம் திருடனின் கைக்குப் போகும். அரசாங்கம் சலானை ஏ.பி.கே.யாக அனுப்பாது. எஸ்எம்எஸ்ஸில் லிங்க் இருந்தால் முகவரி '.gov.in' என்று முடிகிறதா என்று பாருங்கள். அதைவிட நல்லது, லிங்கை விட்டுவிட்டு நீங்களே தளத்தைத் திறந்து வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பது.

வழியில் கை காட்டி நிறுத்தினால் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்கி, என்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பேசுங்கள். டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் இருக்கும் லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் அசலுக்குச் சமம். 2018-லேயே மத்திய விதி 139 திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் கேலரியில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட் அசலாகாது. மலையடிவாரத்தில் சிக்னல் இழுக்கும் என்பதால் கிளம்பும் முன்பே ஆப்பைத் திறந்து லாகின் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். அபராதம் என்றால் மெஷினில் சலான் போட்டு, கார்டிலோ யுபிஐயிலோ கட்டி, ரசீது வாங்குங்கள். அங்கேயே கட்ட விருப்பமில்லை என்றால் சலானை மட்டும் வாங்கிக்கொண்டு பிறகு ஆன்லைனிலோ கோர்ட்டிலோ பார்க்கலாம். "சார், யாரு தெரியுமா" என்று போனை நீட்டுவது மட்டும் வேண்டாம், 500-ல் முடிய வேண்டியது நீளும்.

2022 அக்டோபரில் தமிழக அரசு உயர்த்திய தொகைகளில் பைக்குக்கு அடிக்கடி விழுபவை இவை: ஹெல்மெட் இல்லையென்றால் 1,000, பின்னால் இருப்பவர் போடாவிட்டாலும் அதேதான். வேகத்துக்கு 1,000. ஓட்டும்போது போன் முதல் தடவை 1,000, மறுபடி பிடித்தால் 10,000. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000. லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000, வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்குத் தனியாக 5,000. ஹெல்மெட் தலையில் இருந்தாலும் ஸ்ட்ராப் மாட்டாவிட்டால் போடாத கணக்குதான். சட்டத்திலேயே கட்டியிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. 4 வயதுக்கு மேல் குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டும். 4 வயதுவரை உள்ள குழந்தையோடு போனால் பாதுகாப்புப் பட்டையும், 40-க்கு மிகாத வேகமும், 9 மாதம் ஆகிவிட்டால் ஹெல்மெட்டும் 2023 பிப்ரவரி முதல் விதி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் கோயிலுக்கும் டேங்கில் குழந்தையை உட்கார வைத்துப் போகிறவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள், யாராவது சொல்லுங்கள்.

களியக்காவிளை தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 726 கேமரா வைத்து 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடுகிறார்கள். அதில் 675 கேமரா ஹெல்மெட், மூன்று பேர் சவாரி, போன் மாதிரி விஷயங்களைப் பிடிப்பவை. நம்ம ஆட்கள் பயப்படுகிற வேகக் கேமரா அந்தக் கணக்கில் மிகச் சில. 2023 ஜூலையில் அங்கே பைக்கின் உச்ச வேகத்தை 70-ல் இருந்து 60 ஆக்கினார்கள். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போகும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஹெல்மெட் எடுக்க மறந்தால், பாறசாலை தொட்டு வழி நெடுக ஒவ்வொரு கேமராவும் தனித்தனிப் படம் எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்பதால் சலான் வராது என்பது பழைய நம்பிக்கை. இரு மாநிலமும் ஒரே இ-சலான் தளத்தில்தான் இருக்கிறது.

தப்பான சலான் வந்தால் என்ன செய்வது? முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 3-ஐ 8 என்றோ, 1-ஐ 7 என்றோ படித்திருக்கலாம். வண்டியின் மாடல், நிறம், சைலன்சர் எந்தப் பக்கம் என்று உங்கள் வண்டியோடு ஒப்பிடுங்கள். மத்திய விதி 167ஏ-யின்படி மின்னணுக் கருவியில் பிடித்தால் படம், அளந்த வேகம், நாள், நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும், 15 நாளுக்குள் அறிவிப்பும் அனுப்ப வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கிற சான்றிதழ் வேண்டும், கேமரா இருக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். இவற்றில் எது இல்லையோ அதைச் சுட்டி, அதே தளத்தில் புகார் பகுதியில் எழுதுங்கள். உங்கள் வண்டியை முன்னும் பின்னும் எடுத்த படம், அந்த நேரத்தில் நீங்கள் வேறு இடத்தில் இருந்ததற்கான பெட்ரோல் பில் அல்லது ஆபீஸ் வருகைப் பதிவு இருந்தால் இணையுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பணத்தை முதலில் கட்டிவிட்டு அப்புறம் சண்டை போடலாம் என்று நினைக்காதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்ட மாதிரிதான். உங்கள் எண்ணையே வேறொரு பைக்கில் ஒட்டிக்கொண்டு யாரோ சுற்றுகிறார்கள் என்று படத்தில் தெரிந்தால், சலானோடு நிறுத்தாமல் அன்றைக்கே காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.