பொங்கலுக்கு இன்னும் 21 கதவு

ஜெர்மனியில் மியூனிக் வந்த முதல் வருடம். டிசம்பர் 1 அன்று கீழ்வீட்டுப் பாட்டி ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தார். எண் போட்ட 24 குட்டிக் கதவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துண்டு சாக்லேட். ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே அத்தனையையும் பிய்த்துத் தின்றுவிட்டேன். மறுநாள் மாடிப்படியில், "இன்றைக்கு என்ன வந்தது?" என்று கேட்டார். "சாக்லேட்" என்றேன். பொய் இல்லையே.

கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணும் அட்வென்ட் காலண்டராம் அது. தினம் ஒரு கதவுதான் திறக்க வேண்டுமாம். இதை அச்சடித்து விற்ற கெர்ஹார்ட் லாங் பதிப்பகம் வைத்திருந்தது இந்த மியூனிக்கில்தான் என்பதில் பாட்டிக்கு ஏகப் பெருமை. லாங் சின்னப் பையனாக இருந்தபோது அவர் அம்மா அட்டையில் 24 பிஸ்கட் தைத்துக் கொடுப்பாராம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கா நாள் எண்ணத் தெரியாது? மார்கழி முழுக்கத் திருப்பாவை, நாளுக்கு ஒரு பாட்டு. விடியுமுன் ஒலிபெருக்கி அலறும்போது எத்தனையாவது பாட்டு என்று போர்வைக்குள்ளிருந்தே கண்டுபிடித்தால் போதும், பொங்கலுக்கு மிச்ச நாள் தெரிந்துவிடும். 27 வந்தால் கூடாரவல்லி. நெய் முழங்கை வரை வழிய வேண்டும் என்று ஆண்டாளே பாடியிருக்கிறாள். எங்கம்மா ஊற்றும் நெய் விரல் நுனியைத் தாண்டாது.

இப்போது எட்டு வருடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடாமல் இருப்பது, காலி பாட்டிலைக் கடையில் கொடுத்துக் காசு வாங்குவது எல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஜனவரி. பள்ளி விடுமுறை 6-ஆம் தேதியை ஒட்டி முடிந்துவிடும். பொங்கல் அடுத்த வாரம்! ஒரே ஒரு வாரம் தள்ளி முடிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஊரில் மாதிரி "காய்ச்சல்" என்று லெட்டர் கொடுத்துவிட்டுக் கிளம்பவும் முடியாது. பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் விமான நிலையத்திலேயே போலீஸ்காரர் பிள்ளைகளை நிறுத்தி விசாரித்த கதையெல்லாம் உண்டு. கரும்புக்காக அபராதம் கட்டினேன் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

போன டிசம்பர் 24 ராத்திரி மகள் கடைசிக் கதவையும் திறந்துவிட்டு, "பொங்கலுக்கு எத்தனை கதவுப்பா?" என்றாள். 21. காலி அட்டையை எடுத்து 21 குழிகளிலும் முந்திரி, திராட்சை, கல்கண்டு என்று நிரப்பிக் கதவுகளை டேப் போட்டு ஒட்டினேன். அவள் ஒழுங்காகத் தினம் ஒன்றுதான் திறந்தாள். 19-ஆம் குழியில் இருந்த முந்திரி முன்கூட்டியே காணாமல் போனதற்கு நான் பொறுப்பல்ல என்று இன்றுவரை சாதிக்கிறேன்.

தை 1. சூரியனுக்குப் படைக்க வேண்டும். அவரோ இங்கே எட்டு மணிக்குத்தான் எட்டிப் பார்ப்பார். மகளுக்கு எட்டுக்குப் பள்ளி. ஆறரைக்கே, கும்மிருட்டில், மஞ்சள் கொத்துக்குப் பதில் மஞ்சள் கிழங்கை நூலில் கட்டிய எவர்சில்வர் பானையைக் கண்ணாடி அடுப்பில் ஏற்றினோம். ஊரில் அப்போது மணி பதினொன்று. எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீடியோவில் அம்மா, "பால் பொங்கிருச்சாடா?"

"பொங்கிருச்சும்மா!"

"எந்தப் பக்கம்?"

எல்லாப் பக்கமும். மனைவி ஒன்றும் பேசாமல் அடுப்புக் கண்ணாடியைச் சுரண்டும் பிளேடைத் தேடிக்கொண்டிருந்தாள்.