ஆஃப்தல்மாலஜி: நாக்கு எங்க வெட்டுது?

கண் டாக்டர பாக்கச் சொல்லி எழுதிக் குடுத்த சீட்ட போன்ல தம்பிக்கு வாசிக்கும்போதுதான் மாட்டிக்கிட்டேன், ஆப்தமாலஜின்னு ஒரு தடவ, ஆப்டல்மாலஜின்னு ஒரு தடவ, கடைசில "அதான்டா, கண்ணு டிபார்ட்மெண்ட்"னு சொல்லி முடிச்சேன்.

அப்புறம் உக்காந்து பாத்தா வில்லங்கமே ஸ்பெல்லிங்ல பி, ஹெச், டி, ஹெச்னு நாலு மெய்யெழுத்து வரிசையா நிக்கிறதுதான். கிரேக்கத்துல அது ரெண்டே எழுத்து, ஃபையும் தீட்டாவும். பழைய கிரேக்கத்துல ரெண்டும் மூச்சு சேந்த ப, த மாதிரிதான் ஒலிச்சுது, ஃப-வா மாறினதெல்லாம் பின்னாடி. இப்ப பிரிச்சா ஆஃப்-தல்-மால்-அ-ஜி, அழுத்தம் மால் மேல. ஆஃப்-ஐ ஆப்-னு சொல்றவங்க நெறைய, டிக்‌ஷனரியே அதையும் ஒத்துக்குது, ஆனா எழுதறப்ப முதல் ஹெச்ச முழுங்கினா தப்புதான். டிஃப்தீரியாவும் இதே கேஸ். (டிஃப்தெரான்னா பதப்படுத்தின தோலாம், தொண்டைக்குள்ள தோல் மாதிரி படலம் படியறதால அந்தப் பேரு.)

எனக்குப் புடிச்ச விஷயம் அந்த மால்தான். ஆஃப்தல்மோஸ்னா கண், அதோட லாஜி, அர்த்தப்படி வெட்டினா ம கண்ணோட சொத்து, ல லாஜியோட சொத்து. வாய் அதெல்லாம் பாக்கறதில்ல, ரெண்டையும் சேத்து ஒரே அசையா கட்டிடுது. ஆஃப்தல்மிக்னு சொன்னா அதே ம எடுபட்டு மிக்-ல போய் உக்காந்துக்குது, அழுத்தமும் தல்-க்கு நகந்துடுது. நம்ம யாப்புல இதுக்கு வகையுளின்னு பேரே இருக்கு, குறள்ல "வேண்டுதல்வேண் டாமை"ன்னு சீர் பிரிக்கும்போது வேண்டாமை ரெண்டா ஒடையுதுல்ல, அது மாதிரி. ஸ்கூல்ல இத மனப்பாடம் பண்ணப்ப எரிச்சலா இருந்துச்சு, இப்ப மருந்துச் சீட்டுல வந்து நிக்குது.

கண்ணுலயே இன்னொண்ணு, டெரிஜியம், கருவிழி மேல ரெக்க மாதிரி வளர்ற சதை. ஸ்பெல்லிங் பி-ல ஆரம்பிக்கும், ஆனா அந்த பி ஊமை. ஹெலிகாப்டர்ல வர்றதும் அதே ரெக்கக் குடும்பம்தான், ஹெலிகோ (சுருள்) தனி, ப்டெர் (ரெக்க) தனி, நாம ஹெலி-காப்டர்னு வெட்டிக்கிறோம். அங்க மட்டும் பி வாயத் தொறக்குது, ஒட்டிக்க முன்னாடி ஒரு உயிரெழுத்து கெடச்சுதுல்ல.