இடியாப்ப அச்சுக்குக் காப்புரிமை வாங்கி, உரிமம் கொடுத்த கதை

என் அக்கா மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இடியாப்பம் பிழிந்து விற்பவர். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் அச்சுக்கருவிப் பிரிவில் வேலை செய்கிறேன். நாங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கிய இடியாப்ப அச்சை இன்று வேறொரு நிறுவனம் செய்து விற்கிறது. விற்கும் ஒவ்வொன்றுக்கும் எங்களுக்கு ராயல்டி, அதாவது விலையில் ஒரு பங்கு, வருகிறது. ஒரு கருவியைச் செய்து வைத்துக்கொண்டு அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றி. கையால் பிழியும் உரலில் ஆண்டுக்கணக்காக வேலை செய்தால் தோள்பட்டை போய்விடும். அதனால் நெம்புகோல் வைத்து அழுத்தும் அச்சு ஒன்றைச் செய்தேன். அழுத்தம் சுலபமானது, ஆனால் இழைகள் அறுபடாமல் தொங்கின. அக்கா பழைய உரலில் ஒவ்வொரு தட்டு முடியும்போதும் மணிக்கட்டை லேசாகத் திருப்பி இழையை அறுப்பார். "அந்தத் திருப்பலை இதற்குள் வை தம்பி" என்றார். நெம்புகோல் மேலே திரும்பும்போது துளைத்தட்டு தானாகச் சிறிது சுழன்று இழைகளை வெட்டும்படி செய்தேன். கண்டுபிடிப்பு என்பது அந்தச் சுழற்சிதான்.

ஆகவே, கண்டுபிடிப்பாளர் யார் என்று, எங்களுக்காகக் காப்புரிமை விண்ணப்பத்தைத் தயாரித்த முகவர் கேட்டபோது இருவர் பெயரையும் சொன்னோம். இரும்பை வெட்டியவன் நான் என்பதற்காக அக்காவின் பெயரை விட்டிருந்தால் அது அநியாயம்; பின்னால் வழக்குக்கும் வழிவிட்டிருக்கும். மலேசியக் காப்புரிமைச் சட்டம் 1983இன்படி, கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் தன் பங்கைத் தனியாகவே மற்றொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். ஆனால் உரிம ஒப்பந்தத்தைச் சேர்ந்துதான் செய்ய முடியும். அதனால் சம பங்கு என்றும், ஒருவர் சம்மதமின்றி மற்றவர் பங்கை விற்பதில்லை என்றும் எங்களுக்குள் எழுதிக் கையெழுத்திட்டோம். அக்கா தம்பிக்குள் எதற்கு இந்தக் காகிதம் என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். உறவு கெடாமல் இருக்கத்தான் அந்தக் காகிதம்.

வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு முதலாளிக்கே சேரும். முதலாளியின் தொழில் துறையில், அவர் கொடுத்த கருவிகளையோ தகவல்களையோ பயன்படுத்திச் செய்ததும் அப்படியே. எங்கள் தொழிற்சாலை மின்னணு உதிரிப்பாகங்கள் செய்வது. இடியாப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தும் பிறையில் ஒரு சிறு பட்டறையில் வாடகைக்கு இயந்திரம் பிடித்தே வேலை செய்தேன். ரசீதுகளையும் தேதியிட்ட வரைபடங்களையும் பத்திரப்படுத்தினேன்.

பிறகு தேடல். இதே போன்ற கருவி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காப்புரிமை ஆவணங்களைத் தேட உதவும் எஸ்பேஸ்நெட், கூகுள் பேட்டண்ட்ஸ், பேட்டண்ட்ஸ்கோப் ஆகிய மூன்று இணையதளங்களும் இலவசம். நூடுல்ஸ் பிழியும் அச்சுகள் அங்கே கொட்டிக் கிடக்கின்றன, சீன ஆவணங்கள் மிக அதிகம். தனிக் கத்தி வைத்து வெட்டுபவை இருந்தன. நெம்புகோலின் திரும்பும் அசைவே தட்டைச் சுழற்றுவது மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. எது நம்முடையது, எது ஏற்கெனவே உலகத்துடையது என்ற கோடு அந்தத் தேடலில்தான் தெரிந்தது.

செலவிட்ட பணத்தில் மிகவும் பயனுள்ளது முகவருக்குக் கொடுத்ததுதான். விண்ணப்பத்தின் விவரக்குறிப்பில் படமும் விளக்கமும் எவ்வளவு இருந்தாலும், சட்டம் காப்பது உரிமைக்கோரல் என்ற பகுதியில் எழுதியதை மட்டுமே. என் வரைவில் துருப்பிடிக்காத எஃகு, மூன்று பற்கள், மரக்கைப்பிடி என்று பெருமையாக எழுதியிருந்தேன். முகவர் ஒவ்வொன்றாக அடித்தார். "நீங்கள் மூன்று பற்கள் என்று எழுதினால் போட்டியாளர் நான்கு வைப்பார்" என்றார். முதல் உரிமைக்கோரலில் மாவை அழுத்தும் பகுதியும் துளைத்தட்டும் நெம்புகோலும், திரும்பும் அசைவைச் சுழற்சியாக மாற்றும் ஓர் இணைப்பும் மட்டுமே மிஞ்சின. பற்களும் எஃகும், முதலாவதைச் சார்ந்து கூடுதல் விவரம் சொல்லும் அடுத்தடுத்த சார்பு உரிமைக்கோரல்களுக்குப் போயின.

நம் நாட்டில் பயன்பாட்டுப் புத்தாக்கம் என்றொரு எளிய வழியும் உண்டு. புதுமை இருந்தால் போதும். புத்தாக்கப் படியை, அதாவது அந்தத் துறை தெரிந்தவருக்கும் எளிதில் தோன்றாதது என்பதை, நிரூபிக்க வேண்டாம். ஆனால் ஒரே ஓர் உரிமைக்கோரல்தான். முதலில் 10 ஆண்டுகள்; கருவி உண்மையில் பயன்பாட்டில் இருப்பதைக் காட்டினால் ஐந்து ஐந்து ஆண்டுகளாக இருமுறை நீட்டிக்கலாம். காப்புரிமைக்கு நேராக 20 ஆண்டுகள். நாங்கள் காப்புரிமைக்கே போனோம். சின்னச் சின்ன மேம்பாடுகளுக்குப் பயன்பாட்டுப் புத்தாக்கமே நல்லது என்பது என் எண்ணம்.

தாக்கல் செய்யும்வரை கருவியை வெளியே காட்டவில்லை. தாமே வெளியிட்டதற்கு மலேசியச் சட்டம் ஓராண்டு சலுகை தருகிறது. ஐரோப்பாவில் அப்படியொரு பொதுச் சலுகை கிடையாது. கோலாலம்பூரில் நடக்கும் ஐடெக்ஸ் கண்டுபிடிப்புக் கண்காட்சியில் பதக்கம் வாங்கிய பிறகு காப்புரிமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் நண்பர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. முதலில் தாக்கல், பிறகு மேடை. இங்கே வசிப்பவர்கள், காப்புரிமைப் பதிவாளர் அனுமதி இல்லாவிட்டால், முதலில் மலேசியாவில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் சட்டம். மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் இணையம் வழியாகவே விண்ணப்பித்தோம். அந்தத் தேதியிலிருந்து 12 மாதங்களுக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பித்து முன்னுரிமை கோரலாம், அதாவது அங்கேயும் அந்த முதல் தேதியையே கணக்கில் கொள்ளச் சொல்லலாம். இடியாப்பத்தின் பெரிய சந்தை தமிழ்நாடும் கேரளமும். மலேசியக் காப்புரிமை அங்கே செல்லாது. அதனால், ஒரே விண்ணப்பத்தின் மூலம் பல நாடுகளில் காப்புரிமை கேட்க வழிசெய்யும் பிசிடி என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் வழி விண்ணப்பித்தோம். இந்தியாவில் அந்த விண்ணப்பத்தைத் தொடர, மலேசியாவில் தாக்கல் செய்த தேதியிலிருந்து 31 மாதங்கள் அவகாசம் கிடைத்தது.

ஆய்வு நிலையில் ஆட்சேபம் வந்தது, பதில் எழுதினோம், ஒரு சார்பு உரிமைக்கோரலை முதலாவதுடன் சேர்த்ததும் ஏற்றுக்கொண்டார்கள். அதில் கதை ஒன்றுமில்லை.

உண்மையான வேலை உரிமம் பேசும்போதுதான். ஒரு நிறுவனம் மொத்தமாக விலைக்குக் கேட்டது. அக்காவின் வீட்டுக் கடன் தீரும் தொகை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே வேறொரு அச்சு விற்றுவந்தார்கள். "வாங்கிப் பூட்டி வைத்துவிட்டால் என்ன செய்வது?" என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் எழுத்தில் பதில் இல்லை. விட்டுவிட்டோம்.

அடுத்து வந்த, சமையல் கருவிகள் செய்யும் நிறுவனம் ராயல்டிக்கு ஒப்புக்கொண்டது. விகிதத்தை விட, எதன் மேல் விகிதம் என்பதே முக்கியம். 400 ரிங்கிட் தொழிற்சாலை விலையில் 5 விழுக்காடு 20 ரிங்கிட். அதே அச்சு கடையில் 600க்கு விற்றால் 30. லாபத்தில் பங்கு என்றால் ஒப்பாதீர்கள், செலவுக் கணக்கை எழுதுபவர்கள் அவர்கள். நாங்கள் தொழிற்சாலை விற்பனை விலையை வைத்துக்கொண்டோம், அதை விலைச்சீட்டில் சரிபார்க்க முடியும். வேறு யாருக்கும் உரிமம் கொடுப்பதில்லை என்ற தனியுரிமம் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் மட்டும். ஆண்டுக்குக் குறைந்தபட்ச ராயல்டி உண்டு. அது கட்டப்படாவிட்டால் தனியுரிமம் பொது உரிமமாகிவிடும், நாங்கள் வேறு யாருக்கும் கொடுக்கலாம். அக்காவின் கேள்விக்கு அந்த ஒரு விதியே விடை. காலாண்டுக்கு ஒருமுறை கணக்கு, கணக்கேட்டைப் பார்க்கும் உரிமை, ஆண்டுப் புதுப்பிப்புக் கட்டணம் அவர்கள் பொறுப்பு, போலி வந்தால் யார் வழக்கு நடத்துவது ஆகியவற்றையும் எழுதினோம். புதுப்பிப்பு கட்டிய ரசீதின் நகல் எங்களுக்கு வரவேண்டும் என்றும் சேர்த்தோம், கட்டத் தவறினால் காப்புரிமையே காலாவதியாகும்.

விற்பனையைப் பொறுத்தவரை, கருவியைப் பார்த்த பெண்கள் ஒருவர்கூடக் காப்புரிமையைப் பற்றிக் கேட்கவில்லை. "எப்படிக் கழுவுவது?" என்பதே முதல் கேள்வி. துளைத்தட்டைத் திருகாணி இல்லாமல் கழற்றும்படி நிறுவனத்தை மாற்றச் சொன்னோம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அக்காவே கடைகளில் நின்று பிழிந்து காட்டினார்; மாவு எந்தப் பதம் வேண்டும் என்று அவர் சொல்வதைக் கேட்கவே கூட்டம் நின்றது. அச்சின் பெயரை எங்கள் பெயரிலேயே வணிகச்சின்னமாகப் பதிந்து, அதற்கும் உரிமம் கொடுத்திருக்கிறோம். காப்புரிமை 20 ஆண்டுகளில் முடியும். சின்னத்தை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இந்திய விண்ணப்பம் இன்னும் ஆய்வில் இருக்கிறது. கோயம்புத்தூரில் மாவரைக்கும் கிரைண்டர் செய்யும் ஒருவர் இந்தியா முழுமைக்கும் தனியுரிமம் கேட்கிறார். விகிதத்தில் இறங்கிவர நாங்கள் தயார். குறைந்தபட்ச ராயல்டி விதியை மட்டும் எடுக்கச் சொல்கிறார். அக்கா முடியாது என்று சொல்லிவிட்டார், நானும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன்.