ஓ.ஏ.பி. பணமும் நம் தருமமும்: எது எங்கே நிற்க வேண்டும்

துணையில்லாத ஒரு மூதாட்டிக்கு மாதம் 1,200 ரூபாய், அவர் உயிரோடு இருக்கும்வரை தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து முடிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 14,400 ரூபாய். வட்டியில் இருந்தே அது வரவேண்டும் என்றால், ஏழு சதவீதக் கணக்கில் வங்கியில் இரண்டு லட்சத்து ஐயாயிரத்துக்கு மேல் போட்டு வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஓ.ஏ.பி. எனப்படும் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,000-லிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆக, தகுதியிருந்தும் அந்தப் பணம் வாங்காமல் இருக்கும் ஒருவருக்கு ஆணை வாங்கிக் கொடுத்தால், இரண்டு லட்ச ரூபாய் வைப்பு நிதி போட்டுக் கொடுத்த மாதிரி. அதற்கு ஆகும் செலவு பஸ் கட்டணம், ஜெராக்ஸ், போட்டோ, இ-சேவை மையத்தில் ஒரு சிறு கட்டணம், சில நாள் அலைச்சல்.

அரசு உதவி பெரிதா, தனியார் தருமம் பெரிதா என்று வாதம் செய்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மாதாமாதம் வேண்டியிருப்பது அரசிடமிருந்துதான் வரவேண்டும். அதைத் தாங்கும் தோள் வேறு யாருக்கும் இல்லை. தருமம் செய்கிறவர்கள் நிற்க வேண்டிய இடம், அந்தப் பணம் வந்து சேரும் வழியில் உள்ள பள்ளங்கள். இதுதான் என் வாதம்.

முதலில் இரண்டு பக்கக் குறையையும் பேசிவிடலாம். முதியோர் பென்ஷன் இங்கே 1962-இல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. 2011-இல் 1,000 ஆனது. அடுத்த உயர்வுக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் அரிசி, பருப்பு, எண்ணெய் விலையெல்லாம் எங்கேயோ போய்விட்டன. இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80 தாண்டினால் 500. அந்த 200 கிட்டத்தட்ட இருபது வருடமாக அசையவே இல்லை. தவிர, ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேர்தான் என்று மத்திய அரசு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தகுதி இருந்தும் காத்திருப்போர் பட்டியல் உருவாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

தருமத்தின் குறை வேறு மாதிரி. அது கொடுப்பவரின் நாட்காட்டிப்படி நடக்கிறது. தீபாவளி, பொங்கல், பிறந்தநாள், திதி என்றால் முதியோர் இல்லத்தில் ஒரே நாளில் மூன்று பேர் சாப்பாடு கொண்டுவந்து நிற்பார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மத்தியானமும் கேசரி, சாயங்காலமும் கேசரி. மாத நடுவில் ஒரு புதன்கிழமை ஏனென்று கேட்க ஆள் இருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி மூட்டைகள் தெருவோரம் குவிந்து, மழையில் நனைந்து கிடந்தன. மெயின் ரோட்டில் வீடு இருப்பவருக்கு இரண்டு முறை கிடைக்கும், உள்ளே மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அரசு தருவதை ‘என் பணம் ஏன் வரவில்லை’ என்று குரல் உயர்த்திக் கேட்கலாம். தருமமாக வருவது நின்றுபோனால் வாயைத் திறக்க முடியாது. வாங்குகிறவர் பக்கம் இருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

சரி, வழியில் உள்ள பள்ளங்கள் எவை?

முதல் பள்ளம், எந்தத் திட்டம் என்பதே தெரியாமல் இருப்பது. 45 வயதில் கணவரை இழந்த பெண் ‘இன்னும் அறுபது ஆகலையே’ என்று காத்திருப்பார். விதவை உதவித்தொகைக்கு அறுபது ஆகவேண்டியதில்லை. கணவரால் கைவிடப்பட்டவர், 50 வயது கடந்தும் மணமாகாத ஏழைப் பெண் ஆகியோருக்கும் தனித்தனித் திட்டம் உண்டு. மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் இரண்டு துறைகள்: வருவாய்த்துறை வழியாக 1,500 ரூபாய், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியாகக் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு 2,000 ரூபாய் பராமரிப்புத்தொகை. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். 75 சதவீதத்துக்கு மேல் பாதிப்பு என்று சான்று வைத்திருப்பவரைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துப்போய் மனு போட வைத்தால் மாதம் 500 ரூபாய் நஷ்டம். சான்றிதழில் உள்ள சதவீதத்தைப் பார்த்துவிட்டு எந்த அலுவலகம் என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்தது காகிதம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கி பாஸ்புக், வாக்காளர் அட்டை நான்கையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து, பெயர், இனிஷியல், பிறந்த வருடம், முகவரி ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். ஒன்றில் ராஜம்மாள், இன்னொன்றில் ராசம்மாள். ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல். மனு போடுவதற்கு முன்பே இதைச் சரிசெய்ய வேண்டும். போட்ட பிறகு தெரிந்தால் மனு தள்ளுபடியாகி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் பிறந்த தேதி. ஆதார் முகாம் நடந்தபோது பல முதியவர்களுக்கு ஒரு குத்துமதிப்பான வருடத்தைப் போட்டு, தேதியை ஜனவரி 1 என்று ஆக்கிவிட்டார்கள். 66 வயதுக்காரருக்கு ஆதாரில் 57. ஆதாரில் பிறந்த தேதியைச் சாதாரணமாக ஒரே ஒரு முறைதான் மாற்ற முடியும்; அதற்கும் ஆவணம் கேட்பார்கள். எனவே எந்த ஆவணமும் கையில் இல்லாமல் அவசரமாகப் போய் அந்த ஒரு வாய்ப்பை வீணாக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் அந்தத் தலைமுறைக்கு அநேகமாக இருக்காது. ஆனால் இரண்டாம் வகுப்பு வரை படித்திருந்தால்கூடப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும். சொந்த ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து எழுதிக் கேட்டால் அதன் அடிப்படையில் சான்று வாங்கலாம். அறுபது வருடத்துக்கு முந்தைய பதிவேட்டைத் தேடிப் பிடிப்பதற்கு வயதான ஒருவரால் தனியாகப் போக முடியாது. கூடப் போக ஒரு ஆள் வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு எந்தத் திட்டத்திலும் நிதி ஒதுக்கீடு கிடையாது. தருமம் இங்கே தேவை.

விதவை உதவித்தொகைக்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். இறப்பைப் பதிவு செய்யாமல் ஒரு வருடம் தாண்டியிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுத்தான் பதிய முடியும். அதற்கே பல மாதம் ஆகும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் 21 நாளுக்குள் பதிந்துவிட்டார்களா என்று கேட்டு, இல்லையென்றால் கூட்டிப்போய்ப் பதிய வைப்பது, காரியத்துக்கு மொய் வைப்பதைவிட மேலான உதவி.

மூன்றாவது, மகனுடைய ரேஷன் கார்டில் பெயர் இருப்பது. மகன் வேறு ஊரில், பணம் அனுப்புவதில்லை, அம்மா தனியாகக் குடிசையில் பொங்கித் தின்கிறார். ஆனால் காகிதத்தின்படி அவர் மகனோடு இருக்கிறார். ‘ஆதரவு உண்டு’ என்று அறிக்கை போய்விடும். உண்மையிலேயே தனியாக இருப்பவர் தன் பெயரை அந்தக் கார்டிலிருந்து நீக்கிவிட்டுப் புதுக் கார்டுக்கு மனு செய்ய வேண்டும். விசாரணைக்கு வருகிறவர் பார்ப்பது தனி அடுப்பு இருக்கிறதா என்பதை. பழைய கார்டில் பெயர் நீங்கிப் புதுக் கார்டு வரும்வரை இடையில் உள்ள மாதங்களில் அவருக்கு ரேஷன் அரிசி கிடையாது. இதற்குப் பயந்தே பலர் தனிக் கார்டு கேட்பதில்லை. அந்த மாதங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் வாங்கிக் கொடுக்க ஒருவர் முன்வந்தால் போதும், வாழ்நாள் முழுக்க வரும் இலவச அரிசிக்கும் பென்ஷனுக்கும் கதவு திறந்துவிடும்.

இனி விசாரணை. மனு இ-சேவை மையத்திலிருந்து ஆன்லைனில் வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) போகிறது, அவரிடமிருந்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார். வி.ஏ.ஓ. நேரில் வருவது பெரும்பாலும் காலை பதினோரு மணிக்கு மேல். அந்த நேரத்தில் அந்த அம்மா களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார். பக்கத்து வீட்டில் விசாரித்தால், அவர்கள் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், ‘அவுங்களுக்கு என்ன சார், மகன் திருப்பூர்ல கம்பெனியில இருக்கான்’ என்று பெருமையாகச் சொல்லிவிடுவார்கள். முடிந்தது கதை. மனு போட்ட வாரத்திலேயே வி.ஏ.ஓ.வைப் பார்த்து எப்போது வருவார் என்று கேட்டு, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கச் சொல்ல வேண்டும். அந்த ஒரு நாள் கூலியை நாம் கொடுத்துவிட வேண்டும். அக்கம்பக்கத்திலும் நிலைமையைச் சொல்லி வைக்க வேண்டும்.

தள்ளுபடி ஆனால் உடனே மறுமனு போடாதீர்கள். காரணம் தெரியாமல் போட்டால் அதே காரணத்துக்காக மறுபடி தள்ளுபடி ஆகும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு எண்ணைக் குறிப்பிட்டு, விசாரணை அறிக்கையின் நகலை மட்டும் கேளுங்கள். ‘ஏன் தள்ளுபடி செய்தீர்கள்’ என்று கேள்வியாகக் கேட்டால் பதில் வழவழவென்று வரும்; ஆவண நகல் என்று கேட்டால் கொடுத்தாக வேண்டும். 30 நாளில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அறிக்கை கைக்கு வந்ததும் அதில் தவறாக இருக்கும் அந்த ஒரு வரிக்கு மட்டும் ஆதாரம் வைத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆணை வந்தபின் பணம் கைக்கு வருவதிலும் ஒரு சிக்கல். பல ஊர்களில் வங்கியின் சார்பில் ஒரு பெண் கைரேகை மெஷினோடு வந்து பணம் கொடுப்பார். நாற்பது வருடம் பாத்திரம் தேய்த்த, சுண்ணாம்பும் சாம்பலும் பட்ட கட்டைவிரலில் ரேகை தேய்ந்து போயிருக்கும். மெஷின் நாலு முறை மறுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கை கழுவி, துணியால் ஒற்றிவிட்டு, ரொம்ப வறண்ட தோலாக இருந்தால் லேசாக ஈரம் காட்டி, கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற விரல்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதிகம் தேயாத ஏதாவது ஒரு விரலை மெஷின் எடுத்துக்கொள்ளலாம். எடுத்த விரல் எது என்று பாஸ்புக்கின் அட்டையில் எழுதி வையுங்கள். எதுவுமே எடுக்கவில்லை என்றால் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். நூறு ரூபாய் சொச்சம்தான் ஆகும், ஆனால் அங்கே போய்வர ஆட்டோ வேண்டும்.

இப்போது மாதம் 500 ரூபாய் போடும் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 60,000 ரூபாய். மாதம் ஆயிரம் வீதம் ஐந்து பேருக்குக் கொடுத்தால் பணம் சரியாகப் போய்விடும். ஆறாவது ஆளுக்கு இடமில்லை, குழு கலைந்தால் ஐந்து பேரும் தெருவில். அதே பணத்தில், பென்ஷன் ஆணை வரும்வரை ஆறு மாதத்துக்கு மாதம் ஆயிரம், அலைச்சல் செலவுக்கு 1,500 என்று ஒருவருக்கு 7,500 ஒதுக்கினால் வருடத்துக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்கும் ஆணை கிடைத்துவிட்டால் வருடத்துக்கு 1,15,200 ரூபாய் அரசுப் பணம் அவர்கள் கைக்கு வருகிறது. அடுத்த வருடம் குழுவின் பணம் வேறு எட்டுப் பேருக்கு. எட்டுப் பேருக்கும் கிடைத்துவிடாது என்பது நிஜம். ஒதுக்கீடு இல்லை என்று நிற்பவர்கள், எந்தக் காகிதமும் இல்லாமல் வேறு மாநிலத்திலிருந்து வந்து தங்கியவர்கள், ஆதாரில் வயது திருத்தவே வழியில்லாதவர்கள் இருப்பார்கள். நிரந்தர மாத உதவிக்கு முதல் உரிமை அவர்களுக்குத்தான். பென்ஷன் கிடைக்க வழியுள்ளவருக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிட்டால், வழியே இல்லாதவருக்கு மிச்சம் இருக்காது.

பொருளாகக் கொடுக்கும்போதும் இதே யோசனைதான். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதை நாம் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை, பெயர் பதிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். பெரியவர்களுக்கான டயப்பர், ஊன்றுகோல், ஆஸ்பத்திரியில் உடன் இருப்பவருக்குச் சாப்பாடு, ராத்திரி டிஸ்சார்ஜ் ஆனால் வீடு திரும்ப வண்டி ஆகியவற்றுக்குத்தான் கையில் காசு வேண்டும். நாளுக்கு 40 ரூபாய் என்ற கணக்கில் வரும் பென்ஷனில் இதெல்லாம் முடியாது.

ஒன்று முக்கியம். ஆணை கைக்கு வந்த அன்றே இடைக்கால உதவியை நிறுத்திவிடாதீர்கள். ஆணைக்கும் முதல் பணத்துக்கும் நடுவில் மாதங்கள் ஓடலாம். கணக்கு செயல்படாமல் கிடக்கிறது, கே.ஒய்.சி. புதுப்பிக்கவில்லை, ஒரு வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்ததில் கணக்கு எண்ணே மாறிவிட்டது என்று முதல் பணம் திரும்பிப் போவதும் சகஜம். முதல் மாதம் வந்து இரண்டாம் மாதம் வராமல் போவதும் உண்டு. பாஸ்புக்கை வங்கியில் கொடுத்து என்ட்ரி போட்டு, அடுத்தடுத்து இரண்டு வரவு விழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுங்கள்.