அவர் கோபத்துக்கு அடியில் இருப்பது

ஏப்ரல் 22, 2025, செவ்வாய்

கடையில் ஸ்டாக் எடுப்பு. விளக்குத்தூணில் பஸ் பிடித்து வீடு வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது, போனிலும் சார்ஜ் இல்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் என் கணவர் ஆரம்பித்துவிட்டார். "நீயும் என்னை விட்டுட்டுப் போகத்தான் போற, அதை இன்னைக்கே செஞ்சிரு." காலையில் டிபன் பாக்ஸை நீட்டியபடி, நீ இல்லாட்டி நான் என்ன ஆகியிருப்பேனோ என்று சொன்னவரும் இவர்தான். பதினொரு மணிக்கு என் மடியில் படுத்து, போயிராத என்று அழுகிறார். காலையில் சொன்னதும் நிஜம், ராத்திரி சொன்னதும் அந்த நிமிஷத்தில் அவருக்கு நிஜம். நடிக்கிறார் என்று சொல்பவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

உசிலம்பட்டியிலிருந்து இவர் அம்மா, அதாவது என் அத்தையும், சின்ன மாமாவும் வந்திருந்தார்கள். "ஆம்பளைன்னா கோபம் வரத்தான் செய்யும் தாயி" என்றார் அத்தை. மாமா பாண்டி கோவிலுக்குப் போய்வரச் சொன்னார், போகலாம், எனக்கும் அங்கே நம்பிக்கை உண்டு. அடுத்து மனநோயாளிகளைக் கூட்டிப்போகும் ஏர்வாடி தர்கா பேச்சை எடுத்தார், அதற்கு மட்டும் முடியவே முடியாது என்றேன். 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் 28 பேர் செத்துப்போனதை எப்படி மறப்பது? இவருக்கு வந்திருக்கும் இந்த மனநோய், பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர், ஆண்களுக்கு வந்தால் கோபக்காரன், குடிகாரன் என்று பேர் வைத்து விட்டுவிடுகிறார்கள். பெண்களுக்குத்தான் வரும் என்ற நினைப்பும் சரியில்லை.

மே 3, சனி

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் என்ற பெயர் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் 1980-லேயே வந்துவிட்டதாம். ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது கைவிடப்பட்டுவிடுவோமோ என்ற பயம். மாத்திரை மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் கை கொடுக்கும், இந்த நோய்க்கென்றே தனி மாத்திரை கிடையாது, பேச்சு சிகிச்சைதான் முக்கியம். அதில் டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற முறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், இளவயதில் தானும் ஆஸ்பத்திரியில் கிடந்து கஷ்டப்பட்டதை 2011-ல் வெளிப்படையாகச் சொன்னாராம். "அவங்களே கஷ்டப்பட்டவங்களா?" என்று இவர் கேட்டார். வீடு வரும் வழியில் மறுபடியும் அதையே கேட்டார்.

டாக்டர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: எங்கே போனாலும் எப்போது வருவேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், சொன்ன நேரத்துக்கு வந்துவிடவும் வேண்டும்.

மே 12, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கியாச்சு! ஆழ்வார்புரம் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்தக் கடை வாசலில் நிற்பது என்று முன்னாடியே பேசி வைத்திருந்தோம். பிரிந்தும் போனோம். நான் போய்ச் சேர்ந்தபோது உதடு நடுங்க நின்றுகொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், அதற்குள் பக்கத்தில் தோல்பையோடு தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டு, "என் மூஞ்சியில அடிப்பா" என்றார். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இதயத் துடிப்பு இறங்கும், சிகிச்சையில் சொல்லிக்கொடுத்ததுதான் அது. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு!

மே 20, செவ்வாய்

நேற்று மோசமான ராத்திரி. இருக்கவே பிடிக்கவில்லை என்றார். சும்மா மிரட்டுகிறான் என்று கொழுந்தன் சொல்லட்டும், இந்த நோயில் தற்கொலை அபாயம் நிஜமானது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். விட்டு நகராமல் மனநல உதவி எண் 14416-க்குப் போட்டோம், தமிழிலேயே பேசினார்கள், அவரும் பேசினார். இன்று டாக்டரையும் பார்த்துவிட்டோம்.

மே 25, ஞாயிறு

கை ஓங்கினால் நரிமேட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், மறுநாள் எத்தனை மணிக்கு வருவேன் என்பதையும் சொல்லிவிட்டே போவேன். இதை அவர் அமைதியாக இருந்தபோது உட்கார்ந்து பேசி, அவரும் சரி என்றார். நோய் இருப்பதால் அடி வாங்க வேண்டும் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார்.

சனிக்கிழமை அத்தையும் ஆஸ்பத்திரிக்கு வருகிறாராம். சின்ன வயதில் மகனை ஹாஸ்டலில் விட்டதுதான் இதற்குக் காரணமா என்று கேட்க வேண்டுமாம். பிறவியிலேயே இருப்பதும் வளர்ந்த சூழலும் சேர்ந்துதான் வருகிறது, ஒரே ஒரு காரணம் என்று எதையும் காட்ட முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். டாக்டர் வாயால் கேட்டால்தான் ஆச்சு என்கிறார். சரி, வரட்டும்.