குன்டர் ஃப்ரூட்ருங்க்: ஆண்டுகளை விட்டுக் கோடுகளைப் படித்தது

போருக்குப் பிந்தைய ஜெர்மன் ஓவியம் என்ற தாளின் வாய்மொழித் தேர்வுக்கு நான் தேர்ந்துகொண்டவர் வடிவியல் அரூப ஓவியரான குன்டர் ஃப்ரூட்ருங்க். 1923இல் மியூனிக்கில் பிறந்தது, கட்டடக்கலைப் படிப்பை விட்டுப் போருக்குச் சென்று படுகாயமடைந்தது, பின்னர் வில்லியம் ஸ்ட்ரௌபேயிடம் ஓவியம் கற்றது, பாரிஸில் லெஜே, ஆர்ப் ஆகிய கலைஞர்களிடம் பணியாற்றியது, 1967இல் மியூனிக் நுண்கலைக் கழகத்தில் பேராசிரியரானது, 1968இல் காசல் நகரின் டாக்குமென்டா கலைக் கண்காட்சியில் பங்கேற்றது என எல்லாவற்றையும் வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வாளர் சாய்கோட்டுப் பட்டைகள் நிறைந்த ஓவியம் ஒன்றைத் திரையில் காட்டி, "இதில் பின்னணி எது, அதன்மேல் தீட்டப்பட்டது எது?" என்று கேட்டார். நான் மறுபடியும் 1967 என்று தொடங்கினேன். மதிப்பெண் எப்படி வந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

மறுதேர்வுக்கு வேறு வழியில் தயாரானேன். அவருடைய ஓவியம் ஒன்றை வரைபடத்தாளில் அளவுகோல் வைத்துப் படியெடுத்து, வண்ணத்தாள்களைக் கீற்றுகளாக வெட்டி ஒட்டினேன். சோம்பலில் எல்லாப் பட்டைகளையும் ஒரே அகலத்தில் வெட்டியதால் முதல் படி ஜமுக்காளம் போலத் தட்டையாகக் கிடந்தது. அகலங்களை மூலத்தில் உள்ளபடி மாற்றி, தடித்த கறுப்புப் பட்டையின் ஓரத்தில் மெல்லிய கீற்று ஒன்றைச் சேர்த்ததும், சற்றுமுன் பின்னால் இருந்த பச்சை முன்னே வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தால் மீண்டும் பின்வாங்கியது. ஒரே பச்சைத்தாள்தான், ஆனால் வெள்ளையை ஒட்டியும் கறுப்பை ஒட்டியும் வெவ்வேறு பச்சையாகத் தெரிந்தது. தேர்வாளர் கேட்ட கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது என்பதை என் விரல்களில் பசை காய்வதற்குள் புரிந்துகொண்டேன்.

1970இல் ஆல்டி என்ற ஜெர்மன் மளிகைக்கடை நிறுவனத்தின் பிளாஸ்டிக் பைக்கு அவர் 400 மார்க் ஊதியத்தில் நீல வெள்ளைச் சாய்கோடுகளை வடிவமைத்த கதையை எல்லா மாணவர்களும் ஆர்வமாகச் சொல்வார்கள். சொல்லுங்கள், ஆனால் அதைக்கொண்டு பேச்சைத் தொடங்காதீர்கள்; ஒப்பிடவே பயன்படுத்துங்கள். சாமான் நிறைந்ததும் பையின் கோடுகள் புடைத்து வளைந்துவிடும். ஓவியத்திலோ கித்தானின் விளிம்பு பட்டைகளை வெட்டி நிறுத்த, நம் கண் அவற்றைச் சுவர்வரை நீட்டிக்கொண்டு போகும்.

போர்க்காயத்தையும் 1982இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதையும் கோடுகளுக்குள் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டால் மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம். அதில் மிச்சமாகும் நேரத்தில் அக்ரிலிக்கும் கேசீன் என்ற பால்புரதமும் கலந்த வண்ணப்பரப்பைப் பற்றிப் பேசலாம். அதற்கு அசலைப் பார்த்திருக்க வேண்டும். அச்சுப்படத்தில் பட்டைகளின் ஓரங்கள் எந்திரம் வெட்டியவை போலத் தெரியும். அருங்காட்சியகத்தில் பக்கவாட்டில் நின்று, படத்தின் மேல் ஒளி சரிந்து விழும்படி பாருங்கள்.