ஜன்னல் பக்கத்து லைட்

பிப்ரவரி 2

ஜன்னல் ஓரம் அப்பா பேசுவதைப் படம் பிடிக்க ஒரு லைட் தேடுகிறேன். எச்.எம்.ஐ. என்கிற பகல் நிற சினிமா லைட்டின் 575 வாட் ஹெட் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நம்ப முடியாத விலை. விற்பவர் முன்னால், பின்னால், வெளிச்சத்தை மறிக்கும் இறக்கையான பார்ன்டோர் விரித்தபடி என்று படம் படமாகப் போட்டிருக்கிறார். பல்புக்குக் கரண்ட்டை அளந்து கொடுக்கும் பெட்டியான பேலஸ்ட்டை மட்டும் காணோம். விலை ஏன் குறைந்தது என்பதற்கு அதுவே பதில். ஹெட் என்பது ஒரு லென்ஸ், ஒரு ரிஃப்ளெக்டர், ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். காசெல்லாம் பேலஸ்ட்டிலும் பல்பிலும். வேறு கம்பெனி பேலஸ்ட்டைத் தேடிப் பிடித்தாலும் கனெக்டர் சேராது. சேர்ந்தாலும் உள்ளே பின் வரிசை மாறியிருக்கலாம். பல்பைப் பற்றவைக்க ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் ஒயரில் குத்துமதிப்பு வேலை ஆகாது.

"அண்ணே, பேலஸ்ட் இருக்கா?" என்று கேட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 3

அப்பா நன்றாகப் பேசினார். காலையில் மட்டும்.

பிப்ரவரி 4

அக்கா போனில் கேட்டாள். "வீட்லயே ஹாலஜன் லைட் ரெண்டு கெடக்கே, நீலத் தாள் ஒட்டிக்க வேண்டியதுதானே?"

ஒட்டலாம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வோம், எண் ஏற ஏற நீலம். 3200 கெல்வின் மஞ்சளை 5700 பகல் நிறம் வரை ஏற்றும் முழு நீலத் தாள், அதாவது ஜெல், வெளிச்சத்தில் 34 சதவீதத்தைத்தான் வெளியே விடும். மிச்சத்தை அதுவே விழுங்கிச் சூடாகி, சில நாளில் வெளிறியும் போகும். ஜன்னலுக்கு ஈடுகொடுக்க ஆயிரம் வாட் ஹாலஜன் இரண்டு எரிய வேண்டும். அந்தச் சின்ன அறையில் அப்பா பத்து நிமிஷம் உட்கார மாட்டார். தொண்டை காய்ந்தால் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம் என்கிற நிலையும் இப்போது இல்லை.

எச்.எம்.ஐ. மேல் ஆசை வந்ததற்குக் காரணம் இதுதான். பிறக்கும்போதே பகல் நிறம், ஜெல் வேண்டாம். வாட்டுக்கு வாட் பார்த்தால் ஹாலஜன் மாதிரியான டங்ஸ்டன் லைட்டைப்போல மூன்று நான்கு மடங்கு வெளிச்சம். நீலத் தாள் ஒட்டிய 2000 வாட் டங்ஸ்டனை ஒரு 575 எளிதாக முந்திவிடும்.

ஜன்னலை மூடிவிட்டு எடுக்கலாமே என்றும் அக்கா சொன்னாள். அந்த ஜன்னல் பக்கம்தான் அவர் உட்காருவார். அங்கே உட்கார்ந்தால்தான் பேசுவார். அது மாறாது. மாற வேண்டியது லைட்.

பிப்ரவரி 5

பதில் வந்தது. பேலஸ்ட் இருக்கிறதாம். "கொஞ்சம் வெயிட்டா இருக்கும், ஆளோட வாங்க."

மதியம் மேகம். பத்து நிமிஷத்துக்குள் அப்பாவின் இடது கன்னம் நீலமாகி, மறுபடி வெளுத்து, மறுபடி நீலம். எது வெள்ளை என்று காமிராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை 5600-இல் பூட்டி வைத்திருந்தேன். மேகம் மூடினால் ஜன்னல் ஏழாயிரம் பக்கம் போய்விடுகிறது.

பிப்ரவரி 6

தம்பியோடு போய்ப் பார்த்தேன். மேக்னெடிக் பேலஸ்ட், இரும்பும் செப்புச் சுருளுமான பழைய வகை. ஒரு ஆள் தூக்க முடியாது. தம்பி ஒரு பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

சுவிட்சைப் போட்டதும் 'டக்'கென்று ஒரு சத்தம், செத்த நிறத்தில் ஒரு வெளிச்சம். இரண்டு மூன்று நிமிஷத்தில் நிமிர்ந்து வெள்ளையானது. அழகு. மறுக்க மாட்டேன். சுவரில் விழுந்த விளிம்பு நிஜ வெயில் மாதிரியே இருந்தது.

பிறகு காது விழித்துக்கொண்டது. ம்ம்ம்ம் என்று அடித்தொண்டையில் ஒரு முனகல், நிற்கவே இல்லை. போனில் ஸ்லோமோஷன் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் துடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் நொடிக்கு 100 துடிப்பு. அது பெரிய பிரச்சினை இல்லை. நொடிக்கு 25 பிரேமில் ஷட்டரை 1/50 நொடியில் வைத்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைக்கும், படம் ஆடாது. 24 பிரேம்தான் வேண்டும் என்பவர்கள் ஷட்டர் திறக்கும் கோணத்தை 172.8 டிகிரிக்குக் கொண்டுவந்தால் போதும், அதுவும் 1/50தான். கண்ணுக்கு வழி இருக்கிறது. காதுக்குத்தான் இல்லை. எலெக்ட்ரானிக் பேலஸ்ட் வாங்கினால் துடிப்பு போகும். ஆனால் துடிப்பில்லாத ஃப்ளிக்கர்-ஃப்ரீ நிலையில் போட்டால் பல்பே ரீங்கரிக்கும்.

பல்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று கேட்டேன். "கொஞ்சந்தான்." குவார்ட்ஸ் கண்ணாடி உள்ளே கருத்திருந்தது, நடுவில் லேசாகப் புடைத்தும் இருந்தது. மணிக்கு ஒரு கெல்வின் இறங்கும் என்பது லைட்மேன்கள் வாய்க்கணக்கு. இறங்கிய நிறத்தை ஜெல்லால் சரிக்கட்டலாம். புடைத்த பல்பு வெடித்தால் எதைக் கொண்டும் சரிக்கட்ட முடியாது.

கடைசியில் லென்ஸ் கதவைத் திறந்து பார்த்தான் தம்பி. கதவு திறந்தால் பல்பை அணைக்க ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதன் இரண்டு காலையும் சேர்த்து ஒரு செப்புக் கம்பி, மேலே பெரிய பொட்டாக ஈயம்.

"அது அடிக்கடி லூசாகும் தங்கச்சி, அதான் டைரக்ட் பண்ணிட்டேன். ஒண்ணும் ஆகாது."

எச்.எம்.ஐ. பல்பு கக்கும் அல்ட்ரா வயலட்டைத் தடுப்பது முன்னால் இருக்கிற அந்தக் கண்ணாடிதான். கண்ணாடி விலகினாலோ உடைந்தாலோ எதிரே இருப்பவர் கண்ணும் தோலும் வேகும். எதிரே இருக்கப் போவது யார் என்று அவருக்குச் சொல்லவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.

பிப்ரவரி 7

பேசவில்லை. அப்பா ஸ்லேட்டில் 'மோர்' என்று எழுதிக் காட்டினார்.

பிப்ரவரி 9

மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் சாமான்களிலிருந்து நான்கு ட்யூப் சேர்ந்த லைட், ஃப்ளோரசன்ட் பேங்க் ஒன்று கிடைத்தது. 55 வாட், 2ஜி11 வகைக் காலுள்ள மடக்கு ட்யூப். தாங்கிப் பிடிக்கும் யோக், பார்ன்டோர், பின்பக்கம் பளபளவென்று ரிஃப்ளெக்டர், எல்லாம் நல்ல திடம். வாங்கியாகிவிட்டது.

ட்யூபின் கழுத்தில் அச்சடித்த எண்ணை எல்லோரும் படிக்க வேண்டும். முதல் இலக்கம் சி.ஆர்.ஐ., அதாவது நிறங்களை எவ்வளவு நிஜமாகக் காட்டும் என்று நூற்றுக்குப் போடும் மதிப்பெண், எந்தப் பத்தில் இருக்கிறது என்று சொல்லும், அடுத்த இரண்டும் நிறம். 955 என்றால் தொண்ணூறுக்கு மேல், 5500 வட்டாரம். 840 என்றால் எண்பதுக்கு மேல், 4000. இந்தப் பேங்கில் 955 இரண்டு, 840 இரண்டு. யாரோ அவசரத்துக்கு ஆபீஸ் ட்யூபை மாட்டியிருக்கிறார்கள். பழைய 955-இல் ஒரு ட்யூப் இரண்டு முனையும் கருத்து, போகிற காலத்தில் இருக்கிறது.

ராத்திரி போட்டுப் பார்த்தேன். சத்தம் கம்மிதான். கம்மி என்பது இல்லை என்பதாகாது. ஹெட்போனில் மெல்லிய ஊசி மாதிரி ஒரு கீச்சு.

பிப்ரவரி 10

பச்சை. எங்கே பார்த்தாலும் பச்சை.

ஜன்னல் பக்கக் கன்னம் மனிதத் தோல். லைட் பக்கக் கன்னம், மூக்கோரம், தாடைக்குக் கீழே சவரம் செய்யாத வெள்ளை முடி, எல்லாவற்றிலும் பாசி. காமிராவில் பச்சைக்கு எதிர் நிறமான மெஜந்தாவைக் கூட்டினால் லைட் பக்கம் சரியாகும், ஜன்னல் பக்கம் ரோஜாவாகும். அதனால் திருத்தத்தை லைட்டின் வாயிலேயே ஒட்ட வேண்டும், பச்சையைக் கழிக்கும் மைனஸ் கிரீன் ஜெல். கால் பங்கு போதவில்லை, அரை ஒட்டினேன். பச்சை போனது, வெளிச்சமும் கொஞ்சம் போனது. ஆனால் உதடு உயிரோடு வரவில்லை. ஸ்பெக்ட்ரத்தில் இல்லாத சிவப்பை ஜெல் எங்கிருந்து கொண்டுவரும்? ஜெல் கழிக்கத்தான் தெரிந்தது, கூட்டத் தெரியாது.

ஏற்கெனவே வெளிறிப்போயிருக்கிறார். இந்த லைட் அதை இன்னும் பெரிதாக்கிக் காட்டுகிறது.

பிப்ரவரி 11

அக்கா அழுதாள். பத்தொன்பதாம் தேதி ஆஸ்பத்திரி, அன்றைக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லையாம்.

பிப்ரவரி 12

கீச்சிடும் பேலஸ்ட்டை அறைக்கு வெளியே வைத்துவிட்டால் என்ன என்று ராத்திரி முழுக்க யோசனை. பழைய வித்தைதான். 1987-இல் கினோ ஃப்ளோ என்கிற சினிமா ட்யூப் லைட் பிறந்ததே அப்படித்தான். குறுகலான அறைக்குள் படம் பிடிக்க இடமில்லாமல் ட்யூபைத் தனியாகச் சுவரில் ஒட்டி, பேலஸ்ட்டை ஒயர் போட்டுத் தூரத்தில் வைத்தார்கள். ஆனால் அது அதற்கென்றே செய்த பேலஸ்ட். என்னிடம் இருப்பதன் உடம்பில் ஒட்டியிருக்கும் தாளில் ஒயர் நீளத்துக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் ஒயரிலேயே கரண்ட் கசியும் கெபாசிட்டன்ஸ் கூடி ட்யூப் ஒழுங்காகப் பிடிக்காது. கதவைத் தாண்டவே அந்த நீளம் போதாது.

தம்பி சொன்னான்: "பெட்டிய வச்சுக்கோ. வயித்துல இருக்கறதெல்லாம் எடுத்துடு."

பிப்ரவரி 14

எடுத்துவிட்டோம். ட்யூபை உடைக்காமல் அட்டையில் சுற்றித் தனியே வைத்தாயிற்று, உள்ளே பாதரசம். பேலஸ்ட்டின் கெபாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும் என்பதால் பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைத்தான்.

காலிப் பெட்டியில் அலுமினியத் தகடு. அதன்மேல் சி.ஆர்.ஐ. 95 போட்ட பகல் நிற எல்.இ.டி. ஸ்டிரிப் இரண்டு சுருள், பத்து மீட்டர், மீட்டருக்கு 14.4 வாட், மொத்தம் 144 வாட். 24 வோல்ட்டில் ஆறு ஆம்பியர். இதில் எனக்குப் பிடித்த விஷயம், தகடு வரை போவது வெறும் டி.சி. கரண்ட்தான். அதைக் கொடுக்கும் சப்ளை பெட்டி நடைக்கு அந்தப் பக்கம், கதவு சாத்தி. விசிறி சுற்றினால் அங்கே சுற்றட்டும்.

ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் போதாதா என்றேன். போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர், முக்கால் வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான். 2.5 போட்டால் அரை வோல்ட். அதைச் சப்ளையில் இருக்கிற சின்னத் திருகில் ஏற்றிக்கொள்ளலாம்.

டிம்மர் வைக்கவே இல்லை. மலிவான டிம்மரெல்லாம் வெளிச்சத்தைக் குறைப்பதில்லை, வேகமாக அணைத்து அணைத்துப் போடுகிறது, காமிராவில் கோடு ஓடும். பதிலுக்கு வரிசைக்கு ஒரு சுவிட்ச். மேகம் வந்தால் ஒரு வரிசை கூட, வெயில் வந்தால் ஒரு வரிசை குறைய. லைட்டுக்கு முன்னால் ஒரு டிரேசிங் பேப்பர்.

பிப்ரவரி 15

உதடு வந்துவிட்டது!

ஹெட்போனில் அவர் மூச்சு மட்டும். எச்சில் விழுங்கச் சிரமப்படுவது கூடக் கேட்கிறது.

பிப்ரவரி 16

பெரியத்தை கல்யாணக் கதையில் பாதி சொன்னார். நாற்பது நிமிஷம். நடுவில், "கரண்ட் பில் யாரும்மா கட்டறது?" என்றார். 144 வாட்தான் அப்பா என்றேன். நம்பவில்லை.

மானிட்டரில் பார்த்தால் இடது ஸ்டிரிப்பின் கடைசி அரை மீட்டர் மங்கல். ஒரு முனையில் மட்டும் கரண்ட் கொடுத்தால் நீளத்தில் வோல்ட் இறங்கிக்கொண்டே போகும். படத்தில் தெரியாது. எனக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 17

தேதியை முன்னால் இழுத்துவிட்டார்கள். நாளை மதியமே அட்மிட் ஆக வேண்டும். காலை ஆறு மணிக்கு உட்காருகிறேன் என்கிறார், மீதிக் கதையைச் சொல்லிவிட வேண்டுமாம். ஆறு மணிக்கு ஜன்னலில் ஒன்றும் இருக்காது, எல்லா வரிசையும் முழுசாக எரிய வேண்டும், மங்கல் பளிச்சென்று தெரியும். மறுமுனையிலும் 24 வோல்ட் கொடுக்க ஒரு ஜோடி ஒயர் இழுத்தாக வேண்டும். 2.5 மிச்சமிருக்கிறதா என்று தம்பிக்குப் போன் போட்டேன். சிவப்பு இருக்கிறதாம், கறுப்பு